அப்பாவுக்கு ஒரு விதி, அண்ணனுக்கு ஒரு விதியா? தொலைஞ்சுபோன அழுத்தத்தைத் தேடின கதை

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். ஒரு சொல்லில் அழுத்தம் எந்த அசையில் விழுகிறதோ, அந்த அசையை அடுத்து ´ என்ற குறி போட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு சின்ன வேலையோட ஆரம்பிக்கலாம். பஸ்ல இருந்தீங்கன்னா பக்கத்துல இருக்கறவங்க ஒரு மாதிரி பார்ப்பாங்க, பரவாயில்ல. ரெண்டு விரலைத் தொண்டையில வைங்க. பாம்பு மாதிரி சீறுங்க. தொண்டை சும்மா இருக்கா? இப்போ நாக்கை நகர்த்தாம, தேனீ மாதிரி ரீங்காரம் பண்ணுங்க. தொண்டை அதிருதா? நாக்கு, பல்லு எல்லாம் அதே இடத்துலதான் இருக்கு. வித்தியாசம் அந்த அதிர்வு மட்டும்தான்.

தமிழ்ல இதை நாம தினமும் பண்றோம், கவனிக்கறதில்ல. 'தம்பி'ல வர்ற 'த' அதிராது. 'பந்து'ல வர்ற 'து' அதிரும். எழுத்து ஒண்ணு, ஒலி ரெண்டு. எந்த இடத்துல வருதுங்கறதைப் பொறுத்து வாய் தானா மாத்திக்குது. யாரும் நமக்கு ரூல் சொல்லித் தரல.

இந்த அதிர்வை மட்டும் மனசுல வெச்சுக்குங்க. பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் 'அப்பா'ங்கற சொல்லை எந்த அசையில அழுத்திச் சொன்னாருன்னு கண்டுபிடிக்க, இது ஒண்ணு போதும்.

என்ன மொழி, என்ன கேள்வி?

சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன், ஜெர்மன், இங்கிலீஷ், ரஷ்யன், லிதுவேனியன், இந்தி, பாரசீகம், இது எல்லாமே ஒரே தாய்மொழியிலிருந்து பிரிஞ்சதுன்னு மொழியியல்ல சொல்றாங்க. அந்தத் தாய்மொழிக்கு இந்தோ-ஐரோப்பிய மூலமொழின்னு பேரு. அதுக்கு எழுத்து கிடையாது. ஒரு கல்வெட்டு கூட இல்ல. பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தாயோட முகத்தை வரையணும். தமிழ் இந்தக் குடும்பம் இல்ல, நாம திராவிடம். ஆனா 'பிதா', 'மாதா'ன்னு சமஸ்கிருதத்திலிருந்து நம்மகிட்ட வந்த சொற்கள் இந்தக் கதையில முக்கியமான பாத்திரங்கள்.

சொற்களை மீட்டெடுக்கறது ஓரளவு புரியுது. 'பிதா', லத்தீன் 'பாட்டெர்', கிரேக்க 'பட்டேர்'னு மூணையும் பக்கத்துல வெச்சாலே ஜாடை தெரியும். ஆனா அழுத்தம்? எந்த அசையில குரல் ஏறுச்சுங்கறது காத்தோட போற விஷயம். பெரும்பாலான மொழிகள் அதை எழுதி வைக்கவே இல்ல. அப்புறம் எப்படிக் கண்டுபிடிக்கறது?

இதுக்கான விடை, அழுத்தத்தைத் தேடாத ஒருத்தர் கையில கிடைச்சது. அவர் தேடினது வேற ஒண்ணு.

கிரிம் போட்ட விதியும் அதுல இருந்த ஓட்டையும்

கிரிம் சகோதரர்களோட தேவதைக் கதைகள் தெரியும்ல? அதுல மூத்தவர் யாகோப் கிரிம், 1822-ல ஒரு ஒலி விதியை வகுத்தார். அவருக்கு முன்னாடியே 1818-ல டென்மார்க்கைச் சேர்ந்த ராஸ்முஸ் ராஸ்க் இதைக் கவனிச்சு எழுதியிருந்தார். விதி ரொம்ப சிம்பிள். மூலமொழியில 'ப்' இருந்த இடத்துல ஜெர்மானிய மொழிகள்ல 'ஃப்' வரும். 'த்' இருந்த இடத்துல, 'தேங்க்ஸ்' சொல்றப்போ நாக்கைப் பல்லுக்கு நடுவுல நீட்டுவோமே, அந்த ஒலி வரும். 'க்' இருந்த இடத்துல 'ஹ்' வரும். லத்தீன் 'பாட்டெர்', இங்கிலீஷ் 'ஃபாதர்'. லத்தீன் 'த்ரேஸ்', இங்கிலீஷ் 'த்ரீ'. லத்தீன் 'கென்டும்', இங்கிலீஷ் 'ஹன்ட்ரட்'. நூத்துக்கணக்கான சொற்கள் இந்த விதிக்குள்ள அடங்குது.

ஆனா குடும்பத்துக்குள்ள வந்தா பிரச்சினை. அப்பா, அம்மா, சகோதரன், இந்த மூணு சொல்லுக்கும் நடுவுல மூலமொழியில ஒரே 'த்' தான். விதிப்படி மூணும் ஒரே மாதிரி மாறியிருக்கணும். இன்னைய ஜெர்மனைப் பாருங்க. அப்பா 'ஃபாட்டர்', அம்மா 'முட்டர்', சகோதரன் 'ப்ரூடர்'. முதல் ரெண்டுல அழுத்தமான 'ட்ட', மூணாவதுல மெத்துன்னு ஒரு 'ட'. அதாவது ஆதி ஜெர்மானியத்துல சகோதரன் மட்டும் விதியை மதிச்சு அந்த 'தேங்க்ஸ்' ஒலிக்குப் போயிருக்கான். அப்பாவும் அம்மாவும் அதிர்வுள்ள வேற ஒலிக்குப் போயிட்டாங்க. பிற்பாடு ஜெர்மன்ல வந்த இன்னொரு மாற்றத்துல, அந்த வித்தியாசம் இப்போ நாம பார்க்கற வடிவத்துக்கு வந்துச்சு.

'ஃபாதர், பிரதர், மதர் மூணும் இங்கிலீஷ்ல ஒரே மாதிரிதானே இருக்கு?'ன்னு கேப்பீங்க. அது பின்னாடி நடந்த சமாதானம். 14-ஆம் நூற்றாண்டுல சாசர் எழுதின இங்கிலீஷ்ல கூட அப்பா 'ஃபேடர்'தான், அம்மா 'மோடர்'தான். சகோதரன் மட்டும்தான் இன்னைய மாதிரி. அப்புறம்தான் மூணும் ஒரே ஒலிக்கு வந்துச்சு. பழைய தடயத்தை இங்கிலீஷ் அழிச்சிருச்சு, ஜெர்மன் காப்பாத்தி வெச்சிருக்கு.

இந்த மாதிரி விதி மீறுற சொற்கள் நிறைய இருந்துச்சு. 1862-ல கார்ல் லோட்னர்ங்கறவர் அதையெல்லாம் வரிசையா பட்டியல் போட்டார். காரணம் மட்டும் பிடிபடல. அதிகமா புழங்கற சொல் தேய்ஞ்சு மாறிடும்னு ஒரு விளக்கம் வந்துச்சு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அப்பா, அம்மான்னு அடிக்கடி கூப்பிட்டு, சகோதரனை மட்டும் கூப்பிடாம விட்டுட்டாங்களா என்ன?

ஒரு பக் கதை

இந்த இடத்துல என் கதை ஒண்ணு சொல்லிடறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, நினைவூட்டல் மெசேஜ் அனுப்புற ஒரு சிஸ்டம் என் பொறுப்புல இருந்துச்சு. சிலருக்கு மட்டும் ஒரு நாள் முன்னாடியே மெசேஜ் போகும். யாருக்கு, எப்போன்னு ஒரு ஒழுங்கும் தெரியல. ரெண்டு வாரம் பார்த்துட்டு, டிக்கெட்ல 'ரேண்டம்'னு எழுதி மூடிட்டேன். அந்த மெசேஜை நம்பி ஒருத்தங்க ஊர்ல இருந்து லீவு போட்டுட்டு வந்து, தேதி இன்னைக்கு இல்லன்னு திரும்பிப் போயிருக்காங்க. அதைக் கேட்டதும் மறுபடி திறந்தேன். காரணம் என்ன தெரியுமா? லாகை ஷீட்ல போடறப்போ, பார்க்க அசிங்கமா இருக்குன்னு நேரத்துக்குப் பின்னாடி வர்ற டைம்ஸோன் பகுதியை நானே வெட்டியிருந்தேன். வெட்டாத லாகைப் பார்த்தா, தப்பு ஒண்ணு விடாம ஒரே டைம்ஸோன்ல வரிசையா நின்னுச்சு.

அன்னைக்கு நான் எழுதின அந்த ஒரு வார்த்தை, தரவைப் பத்தி எதுவும் சொல்லல. என் சோம்பலைத்தான் சொல்லுச்சு. கார்ல் வெர்னர் கதையைப் படிச்சப்போ எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு.

தூங்கறதுக்கு எடுத்த புத்தகம்

கார்ல் வெர்னர், 1846-ல டென்மார்க்ல ஆர்ஹூஸ் நகரத்துல பிறந்தவர். உடம்பு சரியில்லாத ஒரு நாள் மதியம், தூக்கம் வரட்டும்னு கையில கிடைச்ச புத்தகத்தை எடுத்ததா பிற்பாடு அவர் சொன்னது பதிவாகியிருக்கு. அந்தப் புத்தகம் ஃபிரான்ஸ் போப் எழுதின ஒப்பிலக்கணம். திறந்த பக்கத்துல, அழுத்தக் குறியோட ரெண்டு சமஸ்கிருதச் சொற்கள் கண்ணுல பட்டுச்சு. அப்பாவுக்கு 'பிதர்´'. சகோதரனுக்கு 'ப்ரா´தர்'.

அப்பாவுக்கு அழுத்தம் கடைசி அசையில. சகோதரனுக்கு முதல் அசையில. அம்மா 'மாதர்´', அப்பா மாதிரியே கடைசியில. ஜெர்மன்ல பிரிஞ்சு நிக்கற அதே மூணு பேர், இங்கேயும் அதே மாதிரி பிரிஞ்சு நிக்கறாங்க!

அவர் எழுதின விதி இதுதான். சொல்லுக்கு நடுவுல இருக்கற அந்த அதிராத ஒலிக்கு நேர் முன்னாடி அசையில அழுத்தம் இருந்தா, ஒலி அப்படியே நிக்கும். அழுத்தம் அங்க இல்லாம வேற எங்க இருந்தாலும், ஒலி அதிர ஆரம்பிச்சிடும். 'ப்ரா´தர்'ல 'த'வுக்கு முன்னாடியே அழுத்தம், அதனால 'த' தப்பிச்சுது. 'பிதர்´'ல முன்னாடி அசை வலுவில்லாம கிடக்கு, அதனால 'த' அதிர்ந்துருச்சு.

கட்டுரையை அவர் 1875-ல எழுதினார், 1877 தேதியிட்ட தொகுதியில அது அச்சாச்சு. எழுதினப்போ அவருக்கு வயசு 29. என்னைவிட ஒண்ணோ ரெண்டோ கூட, அவ்வளவுதான். அதே வருஷங்கள்லதான் லைப்ஸிக்ல இருந்த இளம் மொழியியலாளர்கள், ஒலி மாற்றத்துக்கு விதிவிலக்கே கிடையாதுன்னு சவால் விட்டுக்கிட்டு இருந்தாங்க. அவங்களுக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் கிடைச்சிருக்காது.

எனக்குப் பெரிய ஆச்சரியம் இதுதான். ஜெர்மானிய மொழிகள் பிற்பாடு அழுத்தத்தை எல்லாச் சொல்லுக்கும் முதல் அசைக்கே மாத்திட்டாங்க. ஃபா´ட்டர், ப்ரூ´டர், ரெண்டும் ஒண்ணுதான் இப்போ. பழைய அழுத்தம் அந்த மொழிகள்ல சுத்தமா அழிஞ்சு போச்சு. ஆனா அழியறதுக்கு முன்னாடி பக்கத்துல இருந்த மெய்யொலியில ஒரு கீறல் போட்டுட்டுப் போயிருக்கு. அந்தக் கீறல் இன்னைக்கும் ஒரு ஜெர்மன் குழந்தை அப்பாவைக் கூப்பிடறப்போ கேக்குது.

இங்கிலீஷ்லயும் ஒண்ணு இருக்கு. 'வாஸ்', 'வேர்'னு நாம தினமும் சொல்றோம்ல? ஒருமையில 'ஸ்', பன்மையில ஏன் 'ர்'? பழைய வினை வடிவங்கள்ல ஒருமைக்கு அழுத்தம் வேர்ல, பன்மைக்கு விகுதியில. பன்மையில 'ஸ்' அதிர்ந்து, தேனீ ஒலியாகி, அப்புறம் 'ர்' ஆயிடுச்சு. ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணின ஒரு விதிவிலக்குக்குள்ள இவ்வளவு பழைய குரல் இருக்கு.

வேதத்துல அழுத்தம் எப்படிப் பிழைச்சுது?

இந்தக் கதைக்கு முக்கியமான சாட்சி ரிக்வேதம். கோயில்ல வேதம் ஓதறதைக் கேட்டிருப்பீங்க, குரல் ஏறி ஏறி இறங்கும். அது பாடறவங்க விருப்பத்துக்குப் போடற ராகம் இல்ல. எந்த அசை ஏறணும்ங்கறது சொல்லோட ஒரு பகுதி. உயர்ந்த அசைக்கு உதாத்தம்னு பேரு. தலைமுறை தலைமுறையா வாய்மொழியா அதைக் கடத்தியிருக்காங்க. பின்னாளைய சமஸ்கிருதப் பேச்சுல இது போயிடுச்சு. அதனால நம்ம 'பிதா', 'மாதா'வுல அழுத்தத்தோட சுவடு கூட கிடையாது.

அச்சடிச்ச ரிக்வேதத்துல ஒரு வேடிக்கை இருக்கு. உதாத்த அசைக்கு எந்தக் குறியும் கிடையாது! அதுக்கு முந்தின அசைக்கு அடியில ஒரு கோடு, பிந்தின அசைக்கு மேல ஒரு நெட்டுக்கோடு. நடுவுல குறியில்லாம நிக்கறதுதான் உதாத்தம். பக்கத்துல இருக்கறவங்களை வெச்சுத்தான் இங்கேயும் கண்டுபிடிக்கணும்.

இன்னொரு சாட்சி கிரேக்கம். அங்க அப்பா 'பட்டேர்´', அழுத்தம் கடைசியில. சகோதரன் 'ஃப்ரா´டேர்', அழுத்தம் முதல்ல. கிரேக்கத்துல இந்தச் சொல்லுக்குக் கூடப்பிறந்தவன்ங்கற பொருள் போய், குலக்குழுவைச் சேர்ந்தவன்னு ஆயிடுச்சு. பொருள் மாறியும் அழுத்தம் மாறல. ஆக, அப்பாவுக்கும் சகோதரனுக்கும் மூணுக்கு மூணு சாட்சி.

மாமியார், மருமகள் சாட்சி

ரத்த உறவை மட்டும் வெச்சு ஒரு விதியை நம்பலாமா? புது டெஸ்ட் கேஸ் கொடுத்துப் பார்ப்போம். கல்யாணத்துல வர்ற உறவுகளை எடுத்துக்கலாம்.

வேதத்துல மாமனார் 'ச்வ´சுர', அழுத்தம் முதல்ல. மாமியார் 'ச்வச்ரூ´', அழுத்தம் கடைசியில. இந்த மாமியார் ரிக்வேதத்துல சூதாடியைப் பத்தின ஒரு பாட்டுல வர்றாங்க. சூதாடி மாப்பிள்ளையை அவங்களுக்குப் பிடிக்கலங்கறதுதான் அங்க புலம்பலே. சில விஷயங்கள் மாறறதில்ல!

வெர்னர் விதி சரின்னா, ஜெர்மானியத்துல மாமனாருக்கு அதிராத 'ஹ்' வரணும், மாமியாருக்கு அதிர்வுள்ள 'க' வரணும். பழைய ஜெர்மன்ல மாமனார் 'ஸ்வெஹுர்', மாமியார் 'ஸ்விகர்'. கச்சிதம். இன்னைய ஜெர்மன்ல மாமியாரை 'ஷ்வீகர்முட்டர்'னு சொல்றாங்களே, அந்த 'க'வுக்குக் காரணமே அந்தக் கடைசி அசை அழுத்தம்தான். மாமனார் விஷயத்துல கிரேக்கம் மட்டும் ஒத்துவரல, அழுத்தத்தைக் கடைசியில வைக்குது. ரெண்டுக்கு ஒண்ணு.

மருமகள் இன்னும் அழகு. வேதத்துல 'ஸ்னுஷா´', கிரேக்கத்துல 'நுயோஸ்´', ரெண்டுலயும் அழுத்தம் கடைசியில. அப்படின்னா ஜெர்மானியத்துல நடுவுல இருக்கற 'ஸ்' அதிர்ந்து 'ர்' ஆகியிருக்கணும், 'வேர்' மாதிரியே. பழைய இங்கிலீஷ்ல மருமகள் 'ஸ்னோரு'. மூணுக்கு மூணு.

அழுத்தம் நகர்ந்தா உயிரும் நகரும்

மூலமொழியில அழுத்தம் எல்லாச் சொல்லுக்கும் ஒரே இடத்துல உக்காந்திருக்கல. வேற்றுமை உருபு மாறினா அதுவும் நகரும். கிரேக்கத்துல 'அப்பா' எழுவாயா வந்தா 'பட்டேர்´'. 'அப்பாவை'ன்னா 'பட்டே´ர'. 'அப்பாவோட'ன்னா 'பட்ரோ´ஸ்'. கடைசி வடிவத்தைக் கவனிங்க. அழுத்தம் விகுதிக்குத் தாவினதும், நடுவுல இருந்த 'ஏ' காணாம போச்சு. வேதத்துலயும் இதே ஆட்டம்தான். 'பிதா´', 'பித´ரம்', 'அப்பாவுக்கு'ன்னா 'பித்ரே´'. சகோதரன் மட்டும் எல்லா வேற்றுமையிலயும் முதல் அசையை விட்டு அசையவே மாட்டான். ரெண்டு மொழி தனித்தனியா இப்படி ஒரு நுணுக்கத்தைக் கண்டுபிடிச்சிருக்க வாய்ப்பே இல்ல. தாய்கிட்ட இருந்து வந்திருக்கணும்.

கூப்பிடறப்போ இன்னொண்ணு நடக்குது. நாம 'அண்ணன்'னு சொல்றது 'அண்ணா'ன்னு மாறுதுல்ல, அந்த விளி வேற்றுமை அங்க அழுத்தத்துல நடக்குது. வேதத்துல அப்பாவைக் கூப்பிட்டா 'பி´தர்'. கிரேக்கத்துல 'பா´ட்டெர்'. பின்னாடி இருந்த அழுத்தம் ஓடி வந்து முதல் அசையில நிக்குது. அப்பாவைப் பத்திப் பேசறதும், அப்பாவையே கூப்பிடறதும் ரெண்டு வேற குரல்.

அம்மா மட்டும் இன்னும் முடியாத வழக்கு

இங்கதான் கதை கொஞ்சம் சிக்கல். அம்மா அப்பா மாதிரியேன்னு மேல சொன்னேன்ல? வேதமும் ஜெர்மானியமும் அப்படித்தான் சொல்லுது. ஆனா கிரேக்கத்துல அம்மா எழுவாயா வந்தா 'மே´டேர்', அழுத்தம் முதல்ல. 'அம்மாவை'ன்னா 'மேடே´ர', திரும்ப நடுவுல. லிதுவேனியன்ல 'மோ´டே', அழுத்தம் முதல்ல.

ரெண்டு வாதம் இருக்கு. ஒண்ணு, மூலமொழியில அம்மாவுக்கு அழுத்தம் முதல் அசையிலதான் இருந்துச்சு. அப்பா, அம்மான்னு எப்பவும் ஜோடியா சொல்றதால, வேதத்துலயும் ஜெர்மானியத்துலயும் அம்மா அப்பாவோட அச்சுக்கு மாறிட்டாங்க. இன்னொண்ணு, கடைசி அசைதான் பழசு. கிரேக்கம்தான் எழுவாயை மட்டும் மாத்திக்கிச்சு. கிரேக்கம் 'மகள்'ங்கற சொல்லுலயும் இதையே பண்ணுதுங்கறது இவங்க ஆதாரம். வேதத்துல மகள் 'துஹிதா´', லிதுவேனியன்ல 'துக்டே´', கிரேக்கத்துல மட்டும் 'துகா´டேர்'னு அழுத்தம் ஒரு அசை முன்னாடி. லிதுவேனியன் அம்மாவுக்கு என்ன விளக்கம்? ஒரு குறிப்பிட்ட வகை நீண்ட உயிர் முன் அசையில இருந்தா, அந்த மொழிக் கிளையில அழுத்தம் அதுக்கு மேல வந்து உக்காந்துக்கும்னு 1895-ல ஹெர்மன் ஹிர்ட் ஒரு விதி சொன்னார். அதைப் போட்டா அதுவும் சரியாயிடுது.

ரெண்டு பக்கமும் ஆதாரம் இருக்கு. எனக்கு ரெண்டாவது வாதம் கொஞ்சம் சுத்தமா தெரியுது, ஏன்னா ஒவ்வொரு விலகலுக்கும் அந்தந்த மொழிக்குள்ளயே ஒரு காரணம் வெச்சிருக்கு. ஆனா ஜோடிச் சொற்கள் ஒண்ணை ஒண்ணு இழுக்கறதும் மொழியில சாதாரணமா நடக்கற விஷயம்தான். டிக்கெட் திறந்தே இருக்கு.

திறந்து இருக்கறது எனக்குப் பிடிச்சிருக்கு. லோட்னர் விடை தெரியாமலேயே விதி மீறின சொற்களை ஒண்ணு விடாம எழுதி வெச்சார். 13 வருஷம் கழிச்சு வெர்னருக்கு அந்தப் பட்டியல் தேவைப்பட்டுச்சு. ஒத்துவராததை அசிங்கமா இருக்குன்னு வெட்டாம வெச்சிருந்தா, என்னைக்காவது ஒருத்தர் தூக்கம் வராம ஒரு பக்கத்தைத் திறப்பார்.

இந்த வாரம் ஒரு ஹோம்வொர்க். வீட்டுல அப்பாவையோ அம்மாவையோ கூப்பிடறப்போ உங்க குரல் எந்த அசையில ஏறுதுன்னு கவனிங்க. அப்புறம் அவங்களைப் பத்தி ஃப்ரெண்டுகிட்ட பேசறப்போ கவனிங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.